அந்த ஆய்வை நம்பலாமா? கதிர்வீச்சுப் பணியாளர் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

கேத் லேப், சி.டி. அறை, கதிர்சிகிச்சைப் பிரிவு, பாய்லர் வெல்டிங்கைப் படமெடுக்கும் என்.டி.டி. குழு, அணுமின் நிலையம் என எங்கே வேலை பார்த்தாலும் சரி, இரண்டு வகைச் செய்திகள் உங்கள் போனுக்கு வந்துகொண்டே இருக்கும். ஒன்று: 'ஸ்டென்ட் வைக்கும் டாக்டர்களுக்கு மூளையின் இடப்பக்கத்தில் கட்டி வருகிறது.' இன்னொன்று: 'கொஞ்சம் கதிர்வீச்சு உடம்புக்கு நல்லது, தைவானில் நிரூபித்துவிட்டார்கள்.'

இரண்டும் யாரோ கிளப்பிவிட்ட புரளி அல்ல. இரண்டுக்கும் பின்னால் அறிவியல் இதழில் அச்சான கட்டுரை இருக்கிறது. சிக்கலே அங்கேதான். அச்சில் வந்த ஆய்வு எல்லாம் ஒரே தரம் என்று நினைத்து, முதல் செய்தியைப் படித்தவர் வேலையை விடலாமா என்று யோசிக்கிறார். இரண்டாவதைப் படித்தவர் லெட் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார். இரண்டு முடிவும் அவசர முடிவுதான்.

ஆய்வுக் கட்டுரையை எடைபோட டாக்டர் பட்டம் தேவையில்லை. சரியான கேள்விகளை வரிசையாகக் கேட்கத் தெரிந்தால் போதும். கீழே ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் உண்மையில் நடந்த ஆய்வே உதாரணம்.

முதலில் அளவு பிடிபட வேண்டும்

கதிர்வீச்சு ஆய்வுகளில் 'குறைந்த டோஸ்' என்றால் பொதுவாக 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே என்று பொருள். உலகச் சராசரி மனிதர் மண், பாறை, காற்று, விண்வெளி என்று இயற்கையிலிருந்து மட்டுமே ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறார். இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 100 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1.

கட்டுரைகளில் சில இடங்களில் கிரே என்றும் சில இடங்களில் சீவர்ட் என்றும் வரும். எக்ஸ்ரே, காமா கதிர்கள் உடல் முழுவதும் சீராகப் படும்போது இரண்டும் நடைமுறையில் ஒரே எண்தான். ஆயிரம் மில்லி சேர்ந்தால் ஒன்று.

அதிக டோஸ் புற்றுநோயைக் கூட்டும் என்பதில் சண்டை இல்லை. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களை 1950 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு அதை எப்போதோ உறுதி செய்துவிட்டது. 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதில்தான் வாதம். 'டோஸ் பாதியானால் ஆபத்தும் பாதியாகும், பூஜ்யத்துக்குப் போனால்தான் ஆபத்தும் பூஜ்யம்' என்ற நேர்கோட்டுக் கணக்கை வைத்தே பாதுகாப்பு விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தக் கோட்டின் அடிப்பகுதி உண்மையிலேயே நேராக இருக்கிறதா என்று பார்க்கத்தான் இத்தனை ஆய்வுகளும்.

கேள்வி 1: டோஸை எதை வைத்து அளந்தார்கள்?

முதலில் பார்க்க வேண்டியது இதை. ஆய்வில் சொல்லும் டோஸ் ஒவ்வொருவரும் அணிந்த பேட்ஜிலிருந்து வந்ததா, வீட்டில் கருவி வைத்து அளந்ததா, வேலையின் பெயரை வைத்து ஊகித்ததா, அணு உலையிலிருந்து வீடு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிட்டதா, மாவட்டச் சராசரியா? இந்த வரிசையில் கீழே போகப் போக நம்பகம் குறையும்.

பேட்ஜ் பதிவு இருந்தாலும் அது முழுமையாக இருக்க வேண்டும். 2005-இல் 15 நாடுகளின் அணுசக்திப் பணியாளர்கள் 4,07,391 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஒரு சீவர்ட்டுக்குப் புற்றுநோய் மரண ஆபத்து 97 சதவீதம் கூடுகிறது என்றது. உலகமே பரபரத்தது. பிறகு ஒவ்வொரு நாட்டையும் விலக்கிவிட்டுப் பார்த்தபோது, கனடாவை மட்டும் எடுத்துவிட்டால் அந்த எண் 58 சதவீதமாக இறங்கியது. ஆபத்து கூடவே இல்லை என்ற சாத்தியத்தையும் விலக்க முடியாத அளவுக்கு உறுதி குறைந்தது. கனடாவின் அணுசக்தி ஒழுங்குமுறை அமைப்பு பின்னர் துருவிப் பார்த்ததில், 1965-க்கு முன் வேலைக்குச் சேர்ந்த ஒரு பகுதிப் பணியாளர்களின் டோஸ் பதிவுகள் முழுமையாக இல்லை என்பது தெரியவந்தது. வாங்கிய டோஸ் அதிகம், பதிவில் இருந்ததோ குறைவு. ஆகவே, சின்ன டோஸே பெரிய கேட்டைச் செய்ததுபோல் கணக்கில் தெரிந்தது.

இதை உங்கள் அறைக்குக் கொண்டுவந்து பாருங்கள். மேசை டிராயரில் தூங்கும் பேட்ஜ், ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டியதை வெளியே குத்திக்கொண்டது, 'இன்றைக்கு என் பேட்ஜைக் காணோம், உன்னுடையதைக் கொடு' என்று மாற்றிக்கொண்டது எல்லாம் பதிவேட்டில் எண்ணாக ஏறிவிடும். நாளைக்கு அந்த எண்களை வைத்து ஆய்வு செய்கிறவருக்கு டிராயர் கதை தெரியாது.

தூரத்தை டோஸ் என்று எடுத்துக்கொண்ட ஆய்வுக்கு ஜெர்மனி உதாரணம். அங்கே 16 அணுமின் நிலையங்களைச் சுற்றி நடந்த ஆய்வில், 5 கிலோமீட்டருக்குள் வசித்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் கூடுதலாகத் தெரிந்தது. அந்தக் கணக்கு உண்மை. ஆனால் அந்த நிலையங்களிலிருந்து குழந்தைகளுக்குக் கிடைத்திருக்கக்கூடிய டோஸ், இயற்கைக் கதிர்வீச்சின் பக்கத்தில்கூட வராது. தூரம் என்பது டோஸின் இன்னொரு பெயர் அல்ல. இப்படிப்பட்ட ஆய்வு கேள்வி எழுப்பத் தகுதியானது. தீர்ப்புச் சொல்ல அது மட்டும் போதாது.

கேள்வி 2: யாரோடு ஒப்பிட்டார்கள்?

வேலைக்குச் சேரும்போதே மருத்துவப் பரிசோதனை முடித்துதான் உள்ளே விடுகிறார்கள். நோயாளிகள் வேலைக்கு வருவதில்லை, வந்தாலும் சீக்கிரம் நின்றுவிடுகிறார்கள். ஆகவே எந்தத் தொழிலாளர் கூட்டத்தை எடுத்தாலும் ஊர் மக்களைவிட மரண விகிதம் குறைவாகத்தான் இருக்கும். 'எங்கள் பணியாளர்களுக்குப் பொதுமக்களைவிடப் புற்றுநோய் குறைவு' என்று ஒரு நிறுவனம் பெருமையாகச் சொன்னால், அதில் கதிர்வீச்சைப் பற்றிய தகவல் ஏதும் இல்லை. அதிக டோஸ் வாங்கிய பணியாளரைக் குறைந்த டோஸ் வாங்கிய பணியாளரோடு ஒப்பிட்டார்களா என்றுதான் கேட்க வேண்டும்.

தைவான் கதை இங்கேதான் வருகிறது. 1980-களின் தொடக்கத்தில் கோபால்ட்-60 கலந்துபோன இரும்புக் கம்பிகளைப் போட்டு அங்கே பல அடுக்குமாடிகளைக் கட்டிவிட்டார்கள். விஷயம் வெளியே வந்தது 1992-இல். 2004-இல் வெளியான கட்டுரை ஒன்று, அந்தக் கட்டடங்களில் இருந்த சுமார் 10,000 பேரிடம் புற்றுநோய் மரணம் பொதுமக்களில் இருப்பதில் 3 சதவீதம்தான் என்றது. 'கதிர்வீச்சு நல்லது' என்ற செய்தியின் பிறப்பிடம் இதுதான்.

கோளாறு எங்கே? அந்தக் கட்டடங்களில் இருந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இளம் வயதினரும் ஏராளம். புற்றுநோய் பெரும்பாலும் முதுமையின் நோய். இளைஞர் கூட்டத்தை, வயதைச் சரிசெய்யாமல், கிழவர்களும் சேர்ந்த நாட்டு மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் யாருக்குமே புற்றுநோய் குறைவாகத்தான் தெரியும். 2006-இல் வேறொரு குழு 7,271 பேரைப் பெயர்வாரியாகப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு பொருத்தி, வயதையும் பாலினத்தையும் சரிசெய்து பார்த்தது. மொத்தப் புற்றுநோய் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனால் அந்த 97 சதவீதச் சரிவு மாயமாகிவிட்டது. போதாக்குறைக்கு, ஆண்களிடம் ரத்தப் புற்றுநோயும் பெண்களிடம் தைராய்டு புற்றுநோயும் கூடுதலாகத் தெரிந்தன.

கேள்வி 3: எத்தனை பேர், எத்தனை வருடம்?

குறைந்த டோஸின் விளைவு, இருந்தால், மிகச் சிறியது. புற்றுநோயோ கதிர்வீச்சு இல்லாமலே ஏராளமானவர்களுக்கு வருகிறது. அந்தக் கூட்டத்துக்குள் சில பேர் கூடுதலைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அமெரிக்காவில் போட்ட ஒரு கணக்கு பிரபலமானது. 1,000 மில்லிசீவர்ட்டின் விளைவைக் காண 500 பேர் போதுமென்றால், 100 மில்லிசீவர்ட்டுக்கு 50,000 பேர் வேண்டும். 10 மில்லிசீவர்ட்டுக்குச் சுமார் 50 லட்சம் பேர். டோஸ் பத்தில் ஒன்றானால் ஆட்கள் நூறு மடங்கு வேண்டும். 'எங்கள் மருத்துவமனையில் 200 டெக்னீஷியன்களைப் பார்த்தோம், ஒரு பாதிப்பும் இல்லை' என்று யாராவது சொன்னால், அந்த ஆய்வால் பாதிப்பைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது என்பதுதான் பதில்.

இன்னொரு நுட்பம்: ஆட்களின் எண்ணிக்கையைவிட நோயாளிகளின் எண்ணிக்கையைத் தேடுங்கள். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலும் அதே சரக்குதான். திருவனந்தபுரத்து வட்டார புற்றுநோய் மையம் கருநாகப்பள்ளியில் வீடு வீடாகக் கதிர்வீச்சை அளந்து, 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. 2009-இல் வந்த முடிவு: இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அருமையான ஆய்வு. டோஸை வீட்டளவில் அளந்தார்கள், புகைப்பழக்கத்தையும் கேட்டுப் பதிந்தார்கள். ஆனால் எழுபதாயிரம் பேர் இருந்தும் வந்த புற்றுநோய்கள் 1,379. அவற்றில் ரத்தப் புற்றுநோய் வெறும் 30. முப்பதை வைத்துக்கொண்டு ரத்தப் புற்றுநோயைப் பற்றி அடித்துப் பேச முடியாது.

காலமும் முக்கியம். கதிர்வீச்சால் வரும் ரத்தப் புற்றுநோய் சில ஆண்டுகளிலேயே தலைகாட்டலாம். மற்ற கட்டிகளுக்குப் பத்து ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகும். ஐந்து வருடம் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று கடையைக் கட்டிய ஆய்வை ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி 4: புகையையும் வாழ்க்கையையும் கணக்கில் எடுத்தார்களா?

அமெரிக்க இயற்பியலாளர் பெர்னார்ட் கோஹன் 1995-இல், 1,601 மாவட்டங்களின் சராசரி ரேடான் அளவையும் நுரையீரல் புற்றுநோய் மரணத்தையும் பொருத்திப் பார்த்தார். ரேடான் அதிகமுள்ள மாவட்டங்களில் புற்றுநோய் குறைவு என்று வந்தது. வரைபடம் பார்க்க அழகாக, தெளிவாக இருந்தது. முடிவுதான் தப்பு.

மாவட்டச் சராசரிக்கு நுரையீரல் கிடையாது. எந்த வீட்டில் ரேடான் அதிகம், அந்த வீட்டில் யார் புகைத்தார் என்பது சராசரியில் கரைந்துபோகிறது. நுரையீரல் புற்றுநோயில் புகையின் பங்கு பூதாகரமானது. புகைப்பவர்கள் குறைவாக உள்ள மாவட்டங்களில் ரேடான் சற்று அதிகமாக இருந்தாலே போதும், கோடு தலைகீழாகிவிடும்.

2005-இல் ஐரோப்பாவின் 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் வந்தவர்கள் 7,148 பேர், வராதவர்கள் 14,208 பேர். ஒவ்வொருவர் வீட்டிலும் ரேடான் அளந்தார்கள், ஒவ்வொருவரின் புகைப்பழக்கத்தையும் கேட்டார்கள். ஒரு கனமீட்டருக்கு 100 பெக்கெரல் கூடினால் ஆபத்து 8.4 சதவீதம் கூடியது. ஆண்டுக்கு ஆண்டு ரேடான் அளவு ஏறி இறங்கும் பிழையைச் சரிசெய்ததும் அது 16 சதவீதமாக உயர்ந்தது. இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது: அளவீட்டில் தாறுமாறான பிழை இருந்தால் அது பெரும்பாலும் ஆபத்தைக் குறைத்துக் காட்டும்.

ஆகவே 'மாவட்டவாரியாக', 'மாநிலவாரியாக' என்ற சொற்களைப் பார்த்தால் அங்கேயே நிதானியுங்கள். தனி ஆளின் டோஸ், தனி ஆளின் பழக்கம், தனி ஆளின் நோய் மூன்றும் வேண்டும்.

கேள்வி 5: எது முதலில் வந்தது?

2012-இல் பிரிட்டனில் வந்த ஆய்வு, சிறுவயதில் சி.டி. எடுத்துக்கொண்ட ஏறக்குறைய 1.8 லட்சம் பேரைப் பார்த்தது. டோஸ் கூடக் கூட ரத்தப் புற்றுநோயும் மூளைக்கட்டியும் கூடின. உடனே எழுந்த எதிர்க்கேள்வி நியாயமானது: சி.டி.யால் கட்டி வந்ததா, தலைவலி, வலிப்பு என்று ஏற்கெனவே கட்டியின் அறிகுறி இருந்ததால் சி.டி. எடுத்தார்களா?

நல்ல ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைத் தவிர்க்க மாட்டார்கள். சி.டி. எடுத்த பின் சில ஆண்டுகளுக்குள் வந்த நோயைக் கணக்கிலிருந்து விலக்குவார்கள். பிரிட்டன் குழுவும் 2016-இல் நோயாளிகளின் பழைய குறிப்புகளை மறுபடி புரட்டி, கட்டிக்கு வாய்ப்புள்ள நோய்கள் முன்பே இருந்தவர்களை விலக்கிப் பார்த்தது. ஆபத்து குறைந்தது. முழுதாக மறையவில்லை. பிறகு ஒன்பது ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து, சுமார் 9.5 லட்சம் பேரை வைத்து 2023-இல் ரத்தப் புற்றுநோய்களைப் பற்றி வெளியிட்ட ஆய்விலும் டோஸோடு ஆபத்து கூடுவது தெரிந்தது. விமரிசனம் வந்ததும் தற்காத்துப் பேசாமல், திரும்ப ஆய்வு செய்த குழு எது என்று பாருங்கள். நம்பத் தகுந்தவர்கள் அவர்கள்தான்.

கேள்வி 6: எண்ணை எந்த முகத்தோடு காட்டுகிறார்கள்?

அதே ஐரோப்பிய ஆய்வை 'சி.டி. எடுத்தால் ரத்தப் புற்றுநோய் ஆபத்து மூன்று மடங்கு' என்று தலைப்பிடலாம். 100 மில்லிகிரே மஜ்ஜையில் பட்டால் அது கிட்டத்தட்ட உண்மை. 'இன்று சி.டி. எடுக்கும் 10,000 குழந்தைகளில் அடுத்த 12 ஆண்டுகளில் கூடுதலாக ஒருவர் அல்லது இருவர்' என்றும் தலைப்பிடலாம். சராசரி டோஸான 8 மில்லிகிரேவுக்கு அந்த ஆய்வாளர்களே சொன்னது அது. இரண்டும் ஒரே தரவு. முதல் தலைப்பைப் படித்த தாய், அவசியமான ஸ்கேனையே மறுத்துவிடுவார்.

பணியாளர்களுக்கான கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்று நாட்டு அணுசக்திப் பணியாளர்கள் 3,09,932 பேரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்த 'இன்வொர்க்ஸ்' ஆய்வின் 2023 அறிக்கை, ஒரு கிரே டோஸுக்குத் திடக்கட்டிப் புற்றுநோய் மரணம் 52 சதவீதம் கூடுவதாகச் சொல்கிறது. பயங்கரமாக இருக்கிறதா? ஒரு கிரே என்றால் 1,000 மில்லிகிரே. பணிக்காலம் முழுவதும் 20 மில்லிகிரே வாங்கிய ஒருவருக்கு, அதே நேர்கோட்டில், 52-ஐ ஐம்பதால் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒரு சதவீதம். அப்படிப்பட்ட ஆயிரம் பேரில் எப்படியும் 100 பேர் திடக்கட்டிப் புற்றுநோயால் இறப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், இப்போது 101. அந்த ஒருவர் அலட்சியப்படுத்தத் தக்கவர் அல்ல. ராஜினாமா கடிதம் எழுதவும் அது காரணமாகாது.

அடுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள் இருக்கும். நம்பக இடைவெளி என்பார்கள். இன்வொர்க்ஸில் 52-க்குப் பக்கத்தில் 27 முதல் 77 வரை. முழுவதும் பூஜ்யத்துக்கு மேலே, ஆகவே ஏதோ இருக்கிறது. கருநாகப்பள்ளியில் ஒரு கிரேவுக்கு 13 சதவீதம் குறைவு, ஆனால் இடைவெளி 58 சதவீதம் குறைவிலிருந்து 46 சதவீதம் கூடுதல் வரை. ஜப்பானிய உயிர்தப்பியோர் ஆய்வின் மரணக் கணக்கு சுமார் 42 சதவீதம் கூடுதல். அதுவும் இந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆகவே கருநாகப்பள்ளி ஜப்பானைப் பொய்யாக்கவில்லை. 'வித்தியாசம் தெரியவில்லை' என்பதும் 'ஆபத்து இல்லை' என்பதும் வேறு வேறு. இடைவெளியைப் பார்க்காமல் நடுவில் உள்ள எண்ணை மட்டும் பேசுகிறவர் பாதிச் செய்திதான் சொல்கிறார்.

கேள்வி 7: மற்ற ஆய்வுகளோடு ஒத்துப்போகிறதா? பணம் யாருடையது?

தனி ஆய்வு எதுவும் தீர்ப்பு அல்ல. அமெரிக்காவின் தேசியக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழுமம் 2018-இல் 29 ஆய்வுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் டோஸ் அளவீடு, ஆய்வு அமைப்பு, புள்ளியியல் என மூன்று வகையிலும் தரம் போட்டது. நேர்கோட்டுக் கணக்கை 20 ஆய்வுகள் ஏதோ ஓர் அளவில் ஆதரித்தன. அவற்றில் வலுவான ஆதரவு 5 மட்டுமே. ஐந்து ஆய்வுகள் ஆதரிக்கவில்லை, நான்கில் முடிவு தெளிவில்லை. இந்தப் பட்டியலிலிருந்து தனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் உருவி, மேடையில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். ஆகவே 'அறிவியல் நிரூபித்துவிட்டது' என்று ஒற்றை ஆய்வைக் காட்டுகிறவரிடம் மற்றவற்றைக் கேளுங்கள்.

பணம் தந்தவர் யார் என்றும் பாருங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். இன்வொர்க்ஸுக்குப் பிரெஞ்சு அணுசக்தி நிறுவனங்களும் நிதி தந்திருக்கின்றன. வந்த முடிவு அந்தத் தொழிலுக்குச் சாதகமாக இல்லை. நிதி மூலம் சந்தேகத்தைத் தூண்டலாம், தீர்ப்பை முதல் ஆறு கேள்விகள்தான் தர வேண்டும்.

ஒரு செய்தியை உரசிப் பார்ப்போம்

கேத் லேப்பில் அதிகம் சுற்றும் அந்த இடப்பக்க மூளைக்கட்டிச் செய்திக்கு வருவோம். 2013-இல் ஒரு குழு, மூளை, கழுத்துப் பகுதிகளில் கட்டி வந்த 31 மருத்துவர்களின் விவரத்தைத் திரட்டி வெளியிட்டது. எந்தப் பக்கம் என்று தெரிந்த 26 பேரில் 22 பேருக்கு இடப்பக்கம். சி-ஆர்முக்குப் பக்கத்தில் நிற்கும் மருத்துவருக்கு இடப்பக்கம்தான் கதிர் அதிகம் படும். கேட்டவுடன் அடிவயிறு கலங்கும்.

கேள்விகளைக் கேட்போம். டோஸ் அளந்தார்களா? இல்லை. யாரோடு ஒப்பிட்டார்கள்? யாரோடும் இல்லை. இந்த 31 பேர் எத்தனை ஆயிரம் பேரிலிருந்து வந்தவர்கள்? தெரியாது. இடப்பக்கக் கட்டி வந்தவரின் கதை பேசப்படும், வலப்பக்கம் வந்தவரின் கதை அந்தப் பட்டியலுக்கு வந்து சேராமலே போயிருக்கலாம். இது எச்சரிக்கை மணி. அடித்தவர்களைக் குறை சொல்ல முடியாது, மணியைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டவர்கள்மீதுதான் குறை.

மணிச் சத்தத்துக்குப் பதிலாக 2017-இல் ஒழுங்கான ஒப்பீடு வந்தது. அமெரிக்காவில் இத்தகைய சிகிச்சைகளைச் செய்யும் வாய்ப்புள்ள 45,634 மருத்துவர்களை, கதிர்வீச்சே தொடாத மனநல மருத்துவர்கள் 64,401 பேரோடு ஒப்பிட்டார்கள். டாக்டரை டாக்டரோடு ஒப்பிட்டதால், இரண்டாம் கேள்வியில் பார்த்த ஆரோக்கியமான தொழிலாளர் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. மூளைக்கட்டி மரணம் கூடவில்லை. அதற்காக இதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். இங்கேயும் தனி ஆளின் டோஸ் இல்லை, மருத்துவப் பிரிவின் பெயரை வைத்துத்தான் கணக்கு. 1940-க்கு முன் பட்டம் பெற்றவர்களிடம் ரத்தப் புற்றுநோய் மரணம் கூடுதலாக இருந்தது. பாதுகாப்பு என்பதே பெயரளவில் இருந்த காலம் அது.

ஆக, இன்றைய நிலையில் நேர்மையான பதில் இதுதான்: மூளைக்கட்டிப் பயத்துக்கு வலுவான ஆதாரம் இல்லை, கதிர்வீச்சைக் குறைக்க வேண்டிய அவசியமும் குறையவில்லை.

இதில் உங்கள் பங்கு

ஆய்வுகள் விதிகளை மாற்றும். கண் லென்ஸில் புரை விழுவதைப் பற்றிய தரவுகள் சேர்ந்ததும், சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் லென்ஸுக்கான வரம்பை ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட்டிலிருந்து சராசரி 20-ஆகக் குறைக்கச் சொன்னது. கேத் லேப்பில் லெட் கண்ணாடி கேட்டு வாங்குவது நாகரிகத்துக்காக அல்ல, இந்தத் தரவுக்காக. அதுபோல் இன்றே செய்யத் தக்கவை சில:

பேட்ஜை மார்பளவில், ஏப்ரனுக்கு உள்ளே, வேலை நேரம் முழுவதும் அணியுங்கள். வேலை முடிந்ததும் கதிர் இல்லாத இடத்தில் வையுங்கள்.

காலாண்டு டோஸ் அறிக்கை வந்ததும் உங்கள் எண்ணைப் பாருங்கள். 'எல்லாருக்கும் நார்மல்' என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள். திடீரென்று எண் ஏறினாலும், வழக்கமாக எண் வரும் வேலையில் பூஜ்யம் வந்தாலும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடம் காரணம் கேளுங்கள்.

வேலை மாறும்போது பழைய டி.எல்.டி. பேட்ஜ் எண்ணைப் புதிய இடத்தில் கொடுங்கள். நாட்டளவிலான டோஸ் பதிவேட்டில் உங்கள் வாழ்நாள் கணக்கு ஒரே வரிசையில் சேர்வதற்கு அதுதான் வழி. ஒப்பந்தத் தொழிலாளர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இடம் மாற மாற, பதிவு அறுந்துபோவது அவர்களுக்குத்தான்.

கர்ப்பம் உறுதியானதும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். அதன் பிறகு சிசுவுக்கான வரம்பு தனி, மிகக் கடுமையானது. வேலைப் பங்கீட்டை மாற்றித் தர வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு, சலுகை கேட்பதாக நினைத்துக் கூசாதீர்கள்.

செய்தி வந்தால் முன்னனுப்பும் முன், குறைந்தது மூன்று கேள்விகளையாவது கேட்டுப் பாருங்கள்: டோஸை எப்படி அளந்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள், எத்தனை நோயாளிகள். மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தி உங்கள் போனோடு நிற்கட்டும்.

பயம் காட்டும் ஆய்வுக்கும் தைரியம் தரும் ஆய்வுக்கும் ஒரே அளவுகோலை வையுங்கள். நமக்குப் பிடித்த முடிவு என்பதற்காக ஓர் ஆய்வுக்குச் சலுகை கொடுத்தால், அடுத்த முறை ஏமாறப் போவது நாம்தான். இதுவரை வந்த நல்ல ஆய்வுகள் சேர்ந்து சொல்வது இவ்வளவுதான்: குறைந்த டோஸின் ஆபத்து சிறியது, பூஜ்யம் என்று நிரூபிக்கப்படவில்லை, குறைக்கும் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. வேலையை விட வேண்டாம். ஏப்ரனையும் கழற்ற வேண்டாம்.